அடிக்கடி விழுகிற ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வீட்டு ஆர்.சி.சி.பி. வாரத்தில் நாலு நாள் விழுகிறது. பெரும்பாலும் விடியற்காலையில்தான். ஃபிரிட்ஜில் வைத்த மீன் கெட்டுப்போகிறது. வந்து பார்த்த வயர்மேன், ‘எம்.சி.பி. இருக்கு, எர்த் இருக்கு, இது எதுக்கு? டைரக்டா கொடுத்துடுறேன்’ என்கிறார். இல்லாவிட்டால் 100 மில்லி ஆம்பியர் ஒன்று வாங்கி மாட்டலாமாம். அம்மாவுக்கு ஃபிரிட்ஜைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது. என்ன செய்ய, அண்ணே?”

தம்பி, கழற்ற வேண்டாம். 100-ம் வேண்டாம். ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் எங்கேயாவது மண்ணுக்குக் கசிந்தால் தானாக விழுந்து லைனை வெட்டிவிடும் சுவிட்ச். 30, 100 என்பதெல்லாம் எத்தனை மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும் என்ற அளவு. அந்த வயர்மேனை நான் திட்டப்போவதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் மண்டபம் பக்கம் இரண்டு மூன்று வீடுகளில் நானே இதைக் கழற்றி டைரக்டாகக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தொல்லை தாங்காமல் செய்தது. இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அம்மாவுக்குச் சுள்ளென்கிறது என்று. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எர்த் சரியாக இருக்கும் ஃபிரிட்ஜைத் தொட்டால் எதுவும் தெரியக் கூடாது. சுள்ளென்கிறது என்றால் அந்த மூன்று முள் பிளக்கிலோ, பிளக் பாயின்ட்டிலோ, சுவருக்குள்ளோ எர்த்துக்கான பச்சை வயர் எங்கேயோ அறுந்திருக்கிறது. இப்போது அம்மாவின் உடம்பு வழியாகப் போவது ஒரு மில்லி ஆம்பியர் அளவாக இருக்கலாம், அதற்கு ஆர்.சி.சி.பி. விழாது. நாளைக்கு கம்ப்ரசர் காயில் முழுசாக பாடியில் தொட்டுவிட்டால் அதே இடத்தில் 230 வோல்ட் நிற்கும். அதனால் இன்றைக்கே அந்தப் பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த் சோதித்த வேறு பாயின்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். இரண்டாவதாகத்தான் டிரிப் ஆகும் விஷயம்.

‘எம்.சி.பி. இருக்கு, எர்த் இருக்கு’ என்ற பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எம்.சி.பி. என்பது வயரைக் காப்பாற்றும் சாமான். 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ வேண்டும் என்றால் சி வகையில் 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். உங்கள் வீட்டு எர்த் குழியின் தடை 40 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 50. ஃபேஸ் வயர் ஃபிரிட்ஜ் பாடியில் பட்டால் ஓடுவது 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு அயர்ன் பாக்ஸ் போட்டது மாதிரி, அசையாது. ஃபிரிட்ஜ் பாடியில் 184 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும், யாராவது தொடும்வரை. எர்த் இருந்தும் இப்படி. மணல் பூமியில் 40 ஓம் என்பது நான் அளந்ததில் மோசமான குழியும் இல்லை.

இதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், அந்த 4.6 ஆம்பியர் என்பது அதன் அளவைப்போல 150 மடங்கு. கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். குழி கெட்டு 500 ஓமுக்குப் போனாலும் 450 மில்லி ஆம்பியர் ஓடும், அப்போதும் விழும். மணலில் வீடு கட்டியிருக்கிற நமக்கு இது செய்கிற உபகாரம் களிமண் ஊர்க்காரர்களுக்குச் செய்வதைவிடப் பெரியது.

அது என்ன செய்கிறது என்று பலருக்குத் தெரியாததால்தான் கழற்றச் சொல்கிறார்கள். உள்ளே ஒரு இரும்பு வளையம். அதன் நடுவில் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போகின்றன. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பினால் இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அடித்து வளையம் சும்மா இருக்கும். ராமேஸ்வரம் ஜெட்டியில் டோக்கன் போட்டுப் போன விசைப்படகு எத்தனை, திரும்பியது எத்தனை என்று ஒருவர் எண்ணுவது மாதிரி. இரண்டும் சரியாக இருந்தால் அவருக்கு வேலை இல்லை. குறைந்தால், குறைந்தது எங்கேயோ இருக்கிறது. கரண்ட் குறைந்தால் அது சுவர் வழியாகவோ, மோட்டார் பாடி வழியாகவோ, ஒரு ஆளின் கால் வழியாகவோ மண்ணுக்குப் போயிருக்கிறது. அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றிய மெல்லிய கம்பியில் ஒரு சின்ன மின்சாரத்தை உண்டாக்கி, கொக்கியைத் தட்டிவிடும். எவ்வளவு லோடு ஓடுகிறது என்பது அதற்குக் கணக்கே இல்லை, போனதும் வந்ததும் சமமா என்பது மட்டும்தான்.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சீல் என்ற பேராசிரியர், முன்வந்த ஆட்களின் கையில் கம்பியைப் பிடிக்கவைத்து, எவ்வளவு கரண்டுக்குமேல் கையை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்குமேல் கை தானாக இறுகிவிடும், உதற முடியாது. ‘கரண்டு புடிச்சுக்கிச்சு’ என்று நம் ஊரில் சொல்வது இதுதான். இன்னும் ஏறினால் மூச்சுத் தசை பிடிக்கும், அதற்கும் மேலே இதயம் தாளம் தப்பித் துடிக்கும். இதில் அளவோடு நேரமும் சேர்ந்துதான் ஆளைக் கொல்கிறது.

ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் உடம்பை 1,500 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் போகும். அது ஒன்றிரண்டு விநாடி நீடித்தாலே உயிர் போகலாம். 30 மில்லி ஆம்பியர் சாதனம் தன் அளவின் ஐந்து மடங்கில், அதாவது இதே 150-ல், 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும் என்பது தர விதி. நம் கரண்டின் இரண்டு சுற்று. இதயம் ஒரு தடவை அடிக்கிற நேரத்தில் இருபதில் ஒரு பங்கு. ஷாக் அடிக்கும், தூக்கிப்போடும், ஆனால் இதயம் கெட்டுப்போக அவகாசம் இருக்காது. 100 மில்லி ஆம்பியரும் 300-ம் தீப்பிடிப்பதைத் தடுக்க மெயினில் போடுவது. 70 மில்லி ஆம்பியர் ஒரு ஆள் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தாலும் 100 சும்மா வேடிக்கை பார்க்கலாம். தமிழ்நாட்டு மின் பகிர்மான விதித் தொகுப்பிலும் வீட்டுக்கு 30-க்கு மிகாமல் போடத்தான் சொல்லியிருக்கிறது.

இதை வைத்துவிட்டால் கரண்டோடு விளையாடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்து, காலில் காய்ந்த செருப்பு இருந்தால், போனதும் வந்ததும் சமம்தான், ஆர்.சி.சி.பி. உங்களை ஒரு பல்பு என்று நினைத்துக்கொள்ளும். ஷார்ட் சர்க்யூட்டுக்கும் ஓவர் லோடுக்கும் இது விழாது, அதற்கு எம்.சி.பி. வேண்டும். இதற்கு முன்னால் இருக்கிற எதையும், அதாவது கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரையும் மீட்டர் பெட்டியையும், இது காக்காது.

அந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் கரையில் துணி காயப்போட ஜி.ஐ. கம்பி கட்டாத வீடு கிடையாது. ஒரு முனை சன்னல் கம்பியில், மறு முனை சர்வீஸ் வயர் தொங்குகிற பைப்பில். சர்வீஸ் வயரின் தோல் வெயிலிலும் உப்பிலும் வெடித்து அந்தப் பைப்பில் உரசினால், ஈரத் துணியோடு போகிற பெண்பிள்ளைக்கு வீட்டுக்குள் இருக்கிற எந்த சாதனமும் உதவாது. கம்பியை அறுத்துப்போட்டு நைலான் கயிறு கட்டுங்கள். வலைக்கயிறு இல்லாத வீடா நம் ஊரில்!

இனி உங்கள் கேள்விக்கு. ஏன் மழைக் காலத்தில், ஏன் விடியற்காலையில்? வாடைக்காற்று கடல் துளியைக் கொண்டுவந்து சுவரிலும் ஹோல்டரிலும் சுவிட்சிலும் பூசிவிட்டுப் போகிறது. காய்ந்திருக்கும் வரைக்கும் உப்பு கரண்டைக் கடத்தாது. ராத்திரிப் பனியில் நனைந்ததும் அது உப்புத் தண்ணீர்ப் படலம், நல்ல கடத்தி. பத்து மணி வெயிலில் காய்ந்ததும் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அதனால்தான் பகலில் வந்து பார்க்கிற வயர்மேன் ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு, இந்த சாமான்தான் ரிப்பேர்’ என்கிறார்.

வேதாளையில் ஒரு வீட்டில் இதே கதை. நாலரை மணி, ஐந்து மணிக்கு விழும். பாங்கு சொல்கிற நேரத்தில் வீடு இருட்டு. இரண்டு நாள் தேடினேன், ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அங்கேயே படுத்து, விழுந்த நிமிஷத்தில் எழுந்து மெகர் போட்டேன், வயரிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் கருவி அது. கடைசியில் அகப்பட்டது காம்பவுண்டுச் சுவரில் கடலைப் பார்த்து இருந்த காலிங் பெல் சுவிட்ச். பெல் அடிக்காவிட்டாலும் அந்த சுவிட்ச் வரைக்கும் ஃபேஸ் எப்போதும் நிற்கும். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்து, திருகாணி பச்சையாக அரித்து, ஈரச் சுவர் வழியாக மண்ணுக்கு வடிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெறுங்காலில் நின்று அழுத்துகிற சுவிட்ச் அது. ஆர்.சி.சி.பி.யைக் கழற்றியிருந்தால் தொல்லை தீர்ந்தது என்று நாங்கள் எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போயிருப்போம்.

நீங்கள் தேட வேண்டிய முறை இது. விழுந்த உடனே, பகலுக்குக் காத்திருக்காமல், டி.பி. பாக்ஸில், அதாவது எம்.சி.பி.கள் வரிசையாக இருக்கிற பெட்டியில், எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வாருங்கள், எதில் விழுகிறதோ அந்த லைன். அந்த லைனில் உள்ள பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். பிளக்கைப் பிடுங்கியும் விழுந்தால் வயரிங்கில் கோளாறு, பிடுங்கியதும் நின்றால் அந்த சாமானில் கோளாறு. இவ்வளவு நீங்களே செய்யலாம். மூடியைத் திறக்க வேண்டாம்.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கியும் நிற்கவில்லை, அல்லது கண்டபடி விழுகிறது என்றால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வீட்டு எம்.சி.பி. பெரும்பாலும் ஃபேஸை மட்டும் வெட்டும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். எங்கேயாவது நியூட்ரல் வயர் தோல் உரிந்து இரும்புப் பெட்டியைத் தொட்டாலும் கணக்கு இடிக்கும். நியூட்ரல் வயர்கள் எல்லாம் வந்து சேரும் கட்டையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால்தான் அகப்படும். இது வயர்மேன் வேலை. அவரிடம் மெகர் இருக்கிறதா என்று கேளுங்கள். டெஸ்டரை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருபவரால் இந்த வேலை ஆகாது. 500 வோல்ட்டில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு அளந்தால் ஒவ்வொரு லைனும் 1 மெகா ஓமுக்குமேல் காட்ட வேண்டும். அளக்கும்முன் டி.வி., எல்.இ.டி. பல்பு எல்லாம் பிரித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை போய்விடும்.

நான் பார்த்த இன்னொரு கொடுமையையும் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் முள்ளுக்குப் போட்டுவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் எரியும், வீட்டுக்காரருக்குத் திருப்தி. அந்த லைனில் நியூட்ரல் எங்கேயாவது அறுந்த நிமிஷம், ஃபிரிட்ஜ் பாடி முழுக்க ஃபேஸ். இப்படிப்பட்ட வீட்டில் ஆர்.சி.சி.பி. பிரயோஜனமில்லாமல் போகிறது, இல்லாவிட்டால் காரணம் தெரியாமல் விழுகிறது. இரண்டுக்கும் பழி அதன்மேல்தான்.

எல்லா லைனும் நன்றாக இருந்தும் விழுவதும் உண்டு. இப்போதைய சாமான்கள் ஒவ்வொன்றும் நல்ல நிலையிலேயே அரை, ஒன்று மில்லி ஆம்பியர் எர்த்துக்கு விடும். 30 என்று எழுதியிருந்தாலும் 15-க்குமேல் எப்போது வேண்டுமானாலும் விழ அதற்கு அனுமதி உண்டு. வீடு முழுக்க ஒரே ஆர்.சி.சி.பி. என்றால் சும்மா இருக்கும்போதே பத்து வரை ஏறி நிற்கும், கொஞ்சம் ஈரம் போதும். தீர்வு பெரிய அளவு வாங்குவதல்ல, பிரிப்பது. கொல்லை, மோட்டார், வெளி விளக்கு ஒன்றில், அறைகள் ஒன்றில். ஃபிரிட்ஜுக்குத் தனியாக ஒரு ஆர்.சி.பி.ஓ., அதாவது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே உடலில். கேட் லைட்டில் பனி இறங்கினால் உங்கள் மீனுக்கு என்ன? அந்த ஆர்.சி.பி.ஓ.வும் 30 மில்லி ஆம்பியர்தான் இருக்க வேண்டும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் பாருங்கள். ஏ வகை கேளுங்கள். ஏ.சி. வகை என்று போட்டது முழு அலைக் கரண்டுக்கு மட்டும். வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. மாதிரியானவற்றின் கசிவு பாதி அலையாக வரும், அதை ஏ வகைதான் பிடிக்கும். இரண்டு மூன்று கிலோ சீலா மீன் விலைதான் வரும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அதன் லைன் பெரும்பாலும் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டித் தனியாகப் போயிருக்கும். கரண்ட் போன நேரத்தில்தான் ஃபேனையும் லைட்டையும் அதிகம் தொடுகிறோம், அப்போது காவல் இல்லை. இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் லைனுக்கும் ஒன்று போடச் சொல்லி, மெயின் இருக்கும்போதும் இல்லாதபோதும் இரண்டு தடவையும் விழுகிறதா என்று சோதித்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் கலந்திருந்தாலும் காரணமில்லாமல் விழும்.

எர்த் குழி. மேல் மணல் காய்ந்தால் கரண்ட் ஏறவே ஏறாது, கீழே ஈரம் தட்டும் இடத்துக்குப் பைப் போக வேண்டும். ஆழமே இங்கே முக்கியம், கரியும் உப்பும் கொட்டுவது அல்ல. உப்பு நம் மண்ணில் ஏற்கெனவே வேண்டியதற்குமேல் இருக்கிறது, அதுதான் பைப்பைத் தின்கிறது. பாம்பனில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் ஆன ஜி.ஐ. பைப்பைத் தோண்டி எடுத்தேன், சல்லடை மாதிரி வந்தது. மேலே கான்கிரீட் மூடி மட்டும் புதுசு மாதிரி! செம்பு பூசிய ராடு போட்டு, வயரைப் பிணைக்கும் இடத்தில் கிரீஸ் தடவி, வருஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். மீன்பிடித் தடைக் காலத்தில், ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில் மண் காய்ந்திருக்கும்போது அளந்தால் குழியின் உண்மை நிலவரம் தெரியும். மழையில் எல்லாக் குழியும் நல்ல குழிதான்.

தெருக் குழாய்க்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டி, காவிரித் தண்ணீரை இழுக்க அரை எச்.பி. மோட்டாரை வைத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுக்கிறார்களே, அது உங்கள் வீட்டிலும் இருக்கலாம். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு வயர் பிளக்கில், எர்த்தே இல்லாமல் ஓடுகிற மோட்டார் அது. நான் போய்ப் பார்த்த சாவு வீடுகளில் பாதிக்குமேல் இதுதான் காரணம். அந்த இடத்தில் ஆர்.சி.சி.பி. ஒன்றுதான் ஆளுக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கும்.

பழைய ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப நம்பும்முன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். உப்புக் காற்றில் உள் கொக்கி இறுகிப்போய், பட்டன் அழுத்தியும் விழாத சாமான்களை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். பட்டன் அந்த சாமானைத்தான் சோதிக்கும், எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. மாதம் ஒரு தடவை என்றால் மறந்துபோகும். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை, வீட்டுக்காரி அழுத்துவாள்.

டி.பி. பாக்ஸைத் திறக்கும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், தம்பி. எந்த எம்.சி.பி. தூக்கும்போது விழுந்தது என்றும் எழுதுங்கள்.